பயணப் பைக்குள் எந்தப் புத்தகம்? – கேள்வி பதில்

பயணத்தில் படிப்பதற்குச் சுயமுன்னேற்ற நூல்களையும் படைப்பாற்றல் குறித்த நூல்களையும் எப்படித் தேர்ந்தெடுப்பது என்று நம் வட்டாரத்து வாசகர்கள் கேட்டவற்றுக்கு, கிளை நூலகம் ஒன்றில் நெடுங்காலம் நூலகராக இருந்த பழக்கத்தைக் கொண்டு பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (பாளையங்கோட்டை, கல்லூரி மாணவி): அண்ணாச்சி, நெல்லை எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போகும்போதெல்லாம் மூன்று சுயமுன்னேற்ற நூல்களை எடுத்துச் செல்கிறேன். ஒன்றைக்கூட முடித்ததில்லை. எதைக் கொண்டுபோவது?

பதில்: முதலில் படிக்கக் கிடைக்கும் நேரத்தை அளந்துகொள்ளுங்கள் அம்மா. வண்டி இரவெல்லாம் ஓடினாலும், 10 மணிக்குப் பெட்டியின் விளக்குகளை அணைத்துவிட வேண்டும் என்பது ரயில்வேயின் விதி. எதிரில் இருப்பவர்கள் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து முடிப்பதற்குள் பாதி நேரம் போய்விடும். எஞ்சுவது ஒரு மணி நேரம், விடிந்தபின் இன்னும் கொஞ்சம். அதற்கு நூறு பக்க அளவில் ஒரே ஒரு நூல் போதும்.

அந்த ஒன்றைத் தேர்ந்தெடுப்பதில்தான் கவனம் வேண்டும். நூலகத்துக்குத் திரும்பி வரும் சுயமுன்னேற்ற நூல்களைப் புரட்டிப் பார்த்துத்தான் அலமாரியில் வைப்பேன். முதல் முப்பது பக்கங்களில் பென்சில் கோடுகள் நெருக்கமாக இருக்கும். அதற்கு மேல் பெரும்பாலும் தாள்கள் புதுக்கருக்கு மாறாமல் இருக்கும். முதல் அத்தியாயத்தை எல்லோரும் நன்றாகவே எழுதிவிடுகிறார்கள். ஆகவே கடையில் நிற்கும்போது நடுப்பகுதியைத் திறந்து இரண்டு பக்கம் படியுங்கள். ரயிலை விட்டு இறங்கிய அன்றே செய்து பார்க்கத்தக்க ஒரு செயலையாவது அந்தப் பக்கங்கள் சொல்லுமானால் வாங்குங்கள், இல்லையென்றால் வைத்துவிடுங்கள்.

கேள்வி (அம்பாசமுத்திரம், அரசு ஊழியர்): தினமும் செங்கோட்டை பாசஞ்சரில் திருநெல்வேலிக்கு வருகிறேன். பல நாள் நின்றுகொண்டேதான் பயணம். இதில் என்ன படிக்க முடியும்?

பதில்: ஒரு கை மேல் கம்பியைப் பிடித்திருக்கும்போது, வாதத்தைத் தொடர்ச்சியாக வளர்த்துச் செல்லும் நூல் உதவாது, இடையில் ஒருவர் வழி கேட்டால் இழை அறுந்துவிடும். சட்டைப்பையில் அடங்கும் திருக்குறள் பதிப்பு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை ஆகியவை 60, 61, 62 ஆம் அதிகாரங்களாக அடுத்தடுத்து நிற்கின்றன. முயற்சியைப் பற்றி இவ்வளவு சுருக்கமாக எழுதப்பட்ட முப்பது செய்யுட்களை நான் வேறெங்கும் கண்டதில்லை. சேரன்மகாதேவியில் தொடங்கினால் பேட்டை வருவதற்குள் ஓர் அதிகாரத்தை நிதானமாக முடித்துவிடலாம்.

கேள்வி (விக்கிரமசிங்கபுரம்): காரையாறு பேருந்தில் புத்தகத்தைத் திறந்தாலே குமட்டுகிறது. என்ன செய்வது?

பதில்: மூடிவிடுங்கள். கண் அசையாத பக்கத்தைப் பார்க்க, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு மலைச்சாலையின் வளைவுகளை உணர, இரண்டும் முரண்படுவதால் வரும் குமட்டல் அது. மலைப்பாதையில் ஒலிநூலைக் கேட்டபடி முன்கண்ணாடி வழியாகச் சாலையைப் பார்த்து வருவது நல்லது.

கேள்வி (பத்தமடை, பாய் நெய்பவர்): கண்காட்சிகளுக்காக அடிக்கடி வெளியூர் போகிறேன். பாயில் புதிய வடிவங்கள் தோன்ற உதவும் நூல் இருக்கிறதா, அண்ணாச்சி?

பதில்: இந்தக் கேள்வி எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தது. படைப்பாற்றல் நூல்களில், கற்பனை என்பது வானத்திலிருந்து இறங்கும் வரம் என்று வியந்துகொண்டே போகும் நூல்கள் உண்டு. அன்றாட வேலைப்பழக்கமாக அதைக் காட்டும் நூல்களும் உண்டு. உங்களுக்கு இரண்டாவது வகைதான் பொருந்தும். அமெரிக்க நடன அமைப்பாளர் ட்வைலா தார்ப் 2003 இல் வெளியிட்ட 'தி கிரியேட்டிவ் ஹேபிட்' அத்தகையது. ஒவ்வொரு புதிய ஆக்கத்தையும் அவர் ஓர் அட்டைப்பெட்டியோடு தொடங்குகிறார். பெட்டியின்மேல் அந்த ஆக்கத்தின் பெயரை எழுதிவிட்டு, அதற்குத் தொடர்புடைய செய்தித்துணுக்கு, இசை, குறிப்பு எல்லாவற்றையும் அதில் போட்டுக்கொண்டே வருகிறார். பயணத்தில் உங்களுக்கு ஒரு மஞ்சள் பை போதும். கண்காட்சியில் கண்ட சேலைக் கரையின் துணுக்கு, கோயில் தூணில் கண்ட கொடியின் கோட்டுப்படம், பிடித்துப்போன சாயத்தில் தோய்ந்த ஒரு நூல் என்று சேர்த்து வாருங்கள். கோரையைத் தண்ணீரில் ஊறப்போட்டுக் காத்திருக்கத் தெரிந்த உங்களுக்கு, அவை பையில் ஊறும்வரை பொறுத்திருப்பது புதிதன்று.

ஜூலியா கேமரனின் 'தி ஆர்ட்டிஸ்ட்ஸ் வே' (1992) நூலையும் பலர் சொல்வார்கள். அது 12 வாரப் பயிற்சி. அதைப் பயணத்தில் தொடங்க வேண்டாம். நாள்தோறும் காலையில் மூன்று பக்கம் கைப்பட எழுதும் பயிற்சியை மட்டும் எடுத்துக்கொண்டு, நூலை வீட்டில் வைத்துவிட்டு நோட்டோடு கிளம்பலாம். ஆங்கிலம் தடையாக இருந்தால், வீட்டில் படிக்கும் பிள்ளைகளிடம் ஓர் அத்தியாயத்தை வாசித்துச் சொல்லக் கேளுங்கள்.

கேள்வி (சங்கரன்கோவில், ஒரு தந்தை): என் மகன் ஆங்கிலத்தில்தான் இவற்றைப் படிக்கிறான். தமிழில் மொழிபெயர்ப்பை வாங்கித் தரலாமா? இவற்றால் உண்மையில் பயன் உண்டா?

பதில்: ஐயா, நல்ல மொழிபெயர்ப்பா என்பதை அறிய ஒரு பத்தியை வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். மூலத்து ஆங்கில வாக்கியத்தை ஊகித்தால்தான் பொருள் விளங்கும் என்ற நிலை வந்தால் விட்டுவிடலாம்.

பயணத்துக்கு ஏற்ற மெல்லிய நூலாக 'மனம்போல வாழ்வு' என்பதை முன்மொழிகிறேன். ஆங்கிலேய எழுத்தாளர் ஜேம்ஸ் ஆலன் 1903 இல் எழுதியதைத் தமிழாக்கியவர், ஒட்டப்பிடாரத்தில் பிறந்த நம் வ.உ.சிதம்பரனார். 1906 இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியவர், 1908 இல் தண்டிக்கப்பட்டுச் சிறையில் செக்கிழுத்த காலத்தோடு சேர்ந்த உழைப்பு அது. மனிதனின் எண்ணமே அவன் சூழ்நிலையை ஆக்குகிறது என்பது ஆலனின் கருத்து, வ.உ.சி.யைச் செக்கில் பூட்டியதோ அவருடைய எண்ணமன்று, அந்நிய அரசு. அப்படியிருந்தும் இந்த நூலைத் தமிழருக்குத் தர வேண்டுமென்று அவர் ஏன் கருதினார் என்ற கேள்வியோடு உங்கள் மகன் படிக்கட்டும். ஆசிரியர் சொல்வதையெல்லாம் ஒப்புக்கொள்ளாமல், ஓரத்தில் 'இல்லை' என்று இரண்டு இடத்திலாவது எழுதிப் படிப்பவருக்கே இவ்வகை நூல்கள் பயன்படுகின்றன என்பது என் உறுதியான எண்ணம்.

கேள்வி (திருச்செந்தூர்): ஒவ்வொரு பயணத்துக்கும் விலைகொடுத்து வாங்க வேண்டுமா?

பதில்: தேவையில்லை. பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்திலோ உங்கள் ஊர் நூலகத்திலோ உறுப்பினராகி எடுத்துச் செல்லுங்கள். 'இல்லை' என்று எழுதும் பென்சில் இரவல் நூலின் ஓரத்தில் படக்கூடாது. அதற்கென ஒரு துண்டுத்தாளை நூலுக்குள் செருகி, நூலைத் திருப்பித் தரவேண்டிய தேதியை அதன் தலையிலேயே எழுதிவிடுங்கள்.