கேள்வி பதில்: பனிக்கும் மருந்துக்கும் தப்பும் பாக்டீரியா

கேள்வி: ஃப்ரீசரில் வைத்தால் பாக்டீரியா செத்துவிடும்தானே?

எல்லாம் சாகாது. ஆய்வகங்களில் பாக்டீரியாவைப் பல ஆண்டுகள் காப்பாற்றி வைப்பதே கிளிசரால் கலந்து மைனஸ் 80 டிகிரியில்தான். உருகியதும் எழுந்துகொள்ளும்.

கேள்வி: பனிக்குள் வளரவும் செய்யுமா?

சில வளரும். குளிரில் செல்லின் சவ்வு உறைந்த எண்ணெய் மாதிரி இறுகும். குளிர்விரும்பிகள் நிறைவுறாக் கொழுப்பு அமிலங்களைக் கூட்டி அதை நெகிழ்வாக வைத்துக்கொள்கின்றன. பனிப்படிகங்களுக்கு நடுவே உறையாத உப்புநீர் இழைகள் இருக்கும், குடியிருப்பு அங்கேதான். கனடாவின் ஆர்க்டிக் உறைமண்ணில் கிடைத்த பிளானோகாக்கஸ் ஹாலோகிரையோஃபிலஸ் என்ற பாக்டீரியா மைனஸ் 15 டிகிரியிலும் பெருகுகிறது.

கேள்வி: சளிக்கு எந்த ஆன்டிபயாடிக் நல்லது?

சளி வைரஸால் வருவது. எதுவும் வேண்டாம். மீந்த மாத்திரையையும் தொடாதீர்கள்.

கேள்வி: எதிர்ப்புச் சக்தி இல்லாத பாக்டீரியாவும் மருந்துக்குத் தப்புமாமே?

எனக்குப் பிடித்த கேள்வி. 1944இல் ஜோசப் பிகர் என்ற ஆய்வாளர் ஸ்டாஃபிலோகாக்கஸ் பாக்டீரியா மேல் பெனிசிலினை ஊற்றிப் பார்த்தார். ஏறக்குறைய பத்து லட்சத்தில் ஒன்று பிழைத்தது. அதன் வாரிசுகளோ அதே மருந்தில் வழக்கம்போலச் செத்தன! ஆக, இது மரபணு மாற்றமில்லை. பெனிசிலின் செல்சுவர் கட்டும் வேலையைக் கெடுக்கிறது. சுவர் கட்டாமல் சும்மா தூங்கிக் கிடக்கும் செல்லை அது என்ன செய்யும்? எதிர்ப்பு வேறு கதை: மருந்தை உடைக்கும் நொதி, வெளியே தள்ளும் பம்பு என்று மரபணுவிலேயே இருக்கும் ஏற்பாடு.

கேள்வி: மருந்து பட்டுப் பட்டுத்தானே பாக்டீரியா எதிர்ப்பைக் கற்றுக்கொள்கிறது?

இல்லை. 1952இல் ஆய்வாளர்களான லெடர்பெர்க் தம்பதியர் ஒரு தட்டில் வளர்ந்தவற்றை வெல்வெட் துணியால் ஒற்றி, ஸ்ட்ரெப்டோமைசின் என்ற ஆன்டிபயாடிக் உள்ள தட்டில் பதித்தார்கள். மருந்தையே பார்க்காத முதல் தட்டிலும் அதே இடங்களில் எதிர்ப்புள்ளவை இருந்தன.

கேள்வி: விடமாட்டேன் சார். மருந்தே இல்லாத காலத்தில் எதிர்ப்பு எதற்கு?

யார் சொன்னது இல்லையென்று? ஸ்ட்ரெப்டோமைசினே மண் பாக்டீரியா தயாரித்ததுதான். கனடாவின் யூக்கானில் 30,000 ஆண்டுப் பழைய உறைமண்ணில் பெனிசிலின் வகை, டெட்ராசைக்ளின், வான்கோமைசின் மூன்றுக்கும் எதிர்ப்பு மரபணுக்கள் கிடைத்ததாக 2011இல் வெளியிட்டார்கள்.

கேள்வி: அப்போ நம்மேல் தப்பில்லை?

நன்றாகவே இருக்கிறது. மற்றதையெல்லாம் கொன்று, எதிர்ப்புள்ளதற்கு இடம் காலி செய்து கொடுப்பது நாம்தானே. மீந்த மாத்திரை பற்றிச் சொன்னேன் அல்லவா?

கேள்வி: மூக்கடைப்புக்கு ஆன்டிபயாடிக்...

மூன்றாவது பதிலைப் படியுங்கள்.