பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சி: இனம் பிரிப்பது எப்படி?

கேள்வி: எங்கள் காபித் தோட்டத்து விளக்கடியில் பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சிகள் நிறைய வருகின்றன. எல்லாம் ஒரே இனமா? நிறத்தை வைத்துச் சொல்லலாமா?
– வாசகர், ஏற்காடு

பதில்: நிறத்தை நம்பாதீர்கள். காய்ந்ததும் பச்சை வெளிறி மஞ்சளாகிவிடும். முகப் புள்ளிகளை மட்டும் பூச்சி புதிதாக இருக்கும்போதே குறித்துக்கொள்ளுங்கள்: கன்னத்திலா, வாய்க்கு மேலுள்ள தகட்டிலா, என்ன நிறம் என்று.

அடுத்து 10 மடங்கு லென்ஸில் முன் இறக்கை. முன்விளிம்புக் குறுக்கு நரம்புகள் கிளைக்காமல் இருந்தால் பச்சைக் குடும்பம். பல நரம்புகள் கவையாகப் பிரிந்தால் அது பழுப்புக் கண்ணாடி இறக்கைப் பூச்சி. இறக்கையின் அடிப்பாதியில் உள்ள சிறு அறை முட்டை வடிவமா, நாற்கரமா என்று பாருங்கள். துணைக்குடும்பத்தைப் பிரிக்க இது உதவும். நுனிப்பக்கம் படிக்கட்டு போல இரண்டு குறுக்கு நரம்பு வரிசைகள் இருக்கும். ஒரே பூச்சியின் இரு இறக்கைகளிலும் எண்ணிக்கை மாறலாம், இரண்டையும் எண்ணுங்கள். கால் நகத்தின் அடி புடைத்திருக்கிறதா என்பதும் முக்கியம்.

பல இனங்களுக்கு இதுவும் போதாது. ஆண் பூச்சியின் வயிற்று நுனியை 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஓர் இரவு ஊறவைத்து, நீரில் அலசி, கிளிசரினில் வைத்து நுண்ணோக்கியில் இனப்பெருக்க உறுப்பைப் பார்க்க வேண்டும். அதிகம் ஊறினால் மென்பாகங்கள் நிறமிழந்து எதுவுமே தெரியாது. கையுறை கட்டாயம், கரைசல் தோலை அரிக்கும்.

இந்தியாவில் பரவலாக உள்ள கிரைசோபெர்லா சாஸ்ட்ரோவி சில்லெமி என்ற பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சி, பழைய கையேடுகளில் 'கார்னியா' என்ற பெயரிலேயே இருக்கும். இந்தக் கார்னியா குழுவில் உருவம் ஒத்த இனங்களை, துணையை அழைக்க வயிற்றை அதிர்த்து எழுப்பும் தாளமே பிரித்துக் காட்டுகிறது.