மென்தோல் நாய்களுக்கு இயற்கைக் குளியல்: கேள்வி பதில்

நாய்க் குளியலும் முடி பராமரிப்பும் என் தொழில். தோல் எளிதில் சிவந்து அரிக்கும் நாய்களைப் பற்றிச் சிங்கப்பூரில் நாய் வளர்க்கும் நம்மவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். நோயைக் கண்டறிவது மட்டும் கால்நடை மருத்துவரின் வேலை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கேள்வி (ஈசூன்): எங்கள் ஷிட்சுவுக்கு ஆர்கானிக் என்று எழுதியிருந்த லாவெண்டர் ஷாம்பு வாங்கினேன். குளித்த மறுநாளே அதன் வயிறு சிவந்துவிட்டது. எப்படி?

பதில்: ஆர்கானிக் முத்திரை செடி எப்படி வளர்க்கப்பட்டது என்பதைச் சொல்கிறதே தவிர, அது உங்கள் நாயின் தோலுக்கு ஒத்துக்கொள்ளுமா என்பதைச் சொல்வதில்லை. அமெரிக்க வேளாண்மைத் துறையின் முத்திரையைப் பெற நீரும் உப்பும் நீங்கலாகக் குறைந்தது 95 விழுக்காடு மூலப்பொருள்கள் இயற்கை வேளாண்மையில் விளைந்திருக்க வேண்டும். ஆனால் அவ்வாறு விளைந்த லாவெண்டரிலும் லினலூல் என்ற நறுமணப் பொருள் இருக்கத்தான் செய்யும், அது காற்றுப்பட்டுப் பழசானால் மனிதர்களுக்கே ஒவ்வாமையைத் தூண்டக்கூடியது. ஆகவே புட்டியின் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் படியுங்கள். மணம் சேர்க்காததாகவும், மூலப்பொருள் பட்டியல் குறுகியதாகவும், டெசில் குளுக்கோசைடு போன்ற மென்மையான நுரைப்பொருள் கொண்டதாகவும் தேர்ந்தெடுங்கள். ஷாம்பு கெடாமலிருக்கச் சேர்க்கும் பதப்படுத்திகளில் மெத்தில் ஐசோதயசோலினோன் என்பதைத் தவிர்ப்பது நல்லது, அதுவும் ஒவ்வாமையைத் தூண்டக்கூடியது. தோலிலேயே தங்கும் அழகுப் பொருள்களில் அதைச் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் தடை விதித்தது. பதப்படுத்தியே இல்லாத ஷாம்புவையும் நான் பரிந்துரைப்பதில்லை, ஏனெனில் நம் ஊர்ப் புழுக்கத்தில் நீர் கலந்த எதிலும் கிருமி வளர்ந்துவிடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வயிறு மட்டும் சிவக்கிறது என்றால் அலசல் போதவில்லை என்றும் இருக்கலாம். குளியல் முடிந்ததும் வயிற்று முடியைக் கையால் பிழிந்து பாருங்கள்; வடியும் நீர் வழுவழுப்பாக இருந்தால் மறுபடியும் அலசுங்கள். அந்த ஷாம்புவை நிறுத்திய பிறகும் சிவப்பு அடங்கவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

கேள்வி (பிடோக்): என் மாமியார் தேக்காவில் சீயக்காய்ப் பொடி வாங்கி வந்து, நாய்க்கும் இதுதான் நல்லது என்கிறார். தேய்க்கலாமா?

பதில்: மாமியாரின் தலைமுடிக்கு அது நல்லதுதான். நாயின் மேல்தோலில் பெரும்பாலும் 3 முதல் 5 உயிரணு அடுக்குகளே உள்ளன, நமக்கோ 10 முதல் 15 வரை இருக்கும். அதன் அமிலத்தன்மையும் நம் தோலைவிடக் குறைவு, ஏறக்குறைய நடுநிலையை ஒட்டியது. சீயக்காய்ப் பொடியின் நறநறப்பு அடர்ந்த முடியின் வேரில் தங்கி உறுத்தும், கண்ணில் பட்டால் எரியும். அதைவிட முக்கியமான காரணம், நாய் தன் உடம்பை நக்கும் என்பதாகும். அதன் தோலில் நாம் பூசுவது எதுவானாலும் ஓரளவு வயிற்றுக்குள் போகிறது. சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் நுரையைத் தரும் சபோனின் வயிற்றைக் கலக்கிவிடக்கூடியது.

வீட்டுப் பொருளால்தான் குளிப்பாட்ட வேண்டும் என்று அவர் விரும்பினால் ஓட்ஸ் இருக்கிறது. சர்க்கரையும் சுவையும் சேராத சாதாரண ஓட்ஸை மிக்சியில் மாவாக அரைத்து, ஒரு தேக்கரண்டியை ஒரு குவளை நீரில் போட்டுக் கலக்குங்கள். நீர் பால்போல் வெளுத்தால் பதம் சரி. அடியில் மணல்போல் படிந்தால் இன்னும் அரைக்க வேண்டும். அந்த மாவை வெதுவெதுப்பான நீரில் கரைத்து, உடம்பில் ஊற்றிப் பத்து நிமிடம் விட்டு, நன்றாக அலசுங்கள். ஓட்ஸில் உள்ள அவனந்திரமைடு என்ற பொருள் அரிப்பைத் தணிக்கும்.

கேள்வி (செங்காங்): டீ ட்ரீ எண்ணெய் சில சொட்டுகள் கலக்கலாமா?

பதில்: கூடாது. செறிவான டீ ட்ரீ எண்ணெய் தோல் வழியாகவே உடலில் ஏறி, எச்சில் வடிதல், தள்ளாட்டம், நடுக்கம் ஆகியவற்றை உண்டாக்கும்.

கேள்வி (தெம்பனிஸ்): கற்றாழையும் தேங்காய் எண்ணெயும்?

பதில்: கற்றாழை மடலை வெட்டியதும் தோலை ஒட்டி மஞ்சள் பால் கசியும். அதை நாய் நக்கினால் வயிற்றுப்போக்கு வரும். மடலைச் சாய்த்து நிறுத்திப் பால் முழுவதும் வடிந்த பின், தோல் சீவி, தெளிந்த சோற்றைக் கழுவி எடுத்துச் சிறிதளவு பூசலாம். தேங்காய் எண்ணெயை வறண்ட பாதங்களில் லேசாகத் தடவுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உடம்பெங்கும் பூசினால் தூசு ஒட்டும், அதை நக்கித் தின்ற நாய்க்கு வயிறு கெடும்.

கேள்வி (உட்லண்ட்ஸ்): பூடிலின் கால் விரல்களுக்கிடையே முடி பழுப்பாகிவிட்டது, காதிலும் புளித்த வாடை வருகிறது. எந்த இயற்கை ஷாம்பு நல்லது?

பதில்: இதற்கு முதலில் தேவை மருத்துவர். பழுப்பு நிறம் எச்சிலால் வந்தது, அதாவது நாய் அங்கே ஓயாமல் நக்குகிறது. வாடையையும் சேர்த்துப் பார்த்தால் மலசீசியா என்னும் ஈஸ்ட் வகைப் பூஞ்சை பெருகியிருக்கக்கூடும். சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும் நம் ஊர் அதற்கு மிகவும் வசதியான இடம். உறுதியானால் குளோர்ஹெக்சிடினும் மைக்கோனசோலும் சேர்ந்த ஷாம்புவை மருத்துவர் தரலாம். அது ஆர்கானிக் இல்லையே என்று தயங்காதீர்கள். பூஞ்சையோடு விட்டுவைப்பதுதான் நாய்க்குக் கொடுமை. நுரையைப் பத்து நிமிடம் விட்டுவைத்தால்தான் மருந்து வேலை செய்யும், ஆகவே கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, விரல் இடுக்குகளைத் தனித்தனியாகத் துடைத்து, சூடில்லாத காற்றில் உலர்த்துங்கள்.

கேள்வி (ஜூரோங் வெஸ்ட்): எத்தனை நாளுக்கு ஒரு முறை குளிப்பாட்டுவது?

பதில்: தோல் நோய் இல்லாத நாய்க்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒரு முறை போதும். புல்தரையில் நடந்து வந்த பிறகு பாதங்களை வெறும் நீரில் கழுவித் துடைப்பதைத் தினமும் செய்யலாம்.

கேள்வி (பொங்கோல்): உண்ணிக்குச் சொட்டு மருந்து விடுவதற்குப் பதிலாக வேப்பெண்ணெய் பூசலாமா?

பதில்: பூசலாம், ஆனால் சொட்டு மருந்துக்கு ஈடாக அல்ல. இங்கே ஆண்டு முழுவதும் வெப்பமாக இருப்பதால் உண்ணிக்கு ஓய்வே கிடையாது, பழுப்பு நாய் உண்ணி எர்லிக்கியா கிருமியைப் பரப்புவது. வேப்பெண்ணெய் உண்ணியை ஓரளவு விரட்டுமே தவிர, நாயை முழுமையாகக் காக்காது. தோலில் இடும் மருந்துகள் பலவும் தோல் எண்ணெயில் பரவிச் செயல்படுபவை. ஆகையால் மருந்துக்கு முன்னும் பின்னும் இரண்டு நாளாவது குளிப்பாட்டாமல் இருங்கள், உறையில் வேறு குறிப்பு இருந்தால் அதன்படி நடங்கள். வாயில் கொடுக்கும் மாத்திரைக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. அடிக்கடி குளிப்பாட்ட வேண்டிய நாய்க்கு அதுவே வசதி. வீட்டில் பூனையும் இருந்தால் பெர்மெத்ரின் கலந்த மருந்தை நாய்க்கு இடாதீர்கள், பூனைக்கு அது உயிருக்கே ஆபத்து.