மீன் கடிக்கவில்லை என்றால் தூண்டில் றொட்டை மாற்ற வேண்டுமா?

கேள்வி: பொல்கொடப் பக்கம் காசு கட்டித் தூண்டில் போடும் குளம் ஒன்றுக்கு ஒவ்வொரு ஞாயிறும் போகிறேன். கொடுவா துள்ளுவதைக் கண்ணால் பார்க்கிறேன், ஆனால் மூன்று மாதமாக ஒன்றுகூடக் கடிக்கவில்லை. கொழும்பில் ஒரு கடையில் கேட்டால், 'பாஸ்' மீனுக்கென்றே வந்த றொட்டும் றீலும் 38,000 ரூபாய், அதை எடுங்கள் என்கிறார்கள். வாங்கலாமா? – வாசகர், வெள்ளவத்தை

பதில்: வேண்டாம். விலை கூடிய றொட் உங்கள் கைக்குத்தான் சுகம். மீனின் கண்ணில் படுவது இரையும் அதற்கு முன்னாலுள்ள ஒன்றரை மீற்றர் தூண்டில் நரம்பும் (தங்கூசி)தான்.

யூடியூபில் பார்க்கும் அமெரிக்க பாஸ் வேறு இனம். நம் கொடுவாவுக்கு (சிங்களத்தில் மோதா) சீபாஸ் என்றும் பெயர் இருப்பது கடைக்காரருக்கு வசதியாகிவிட்டது. ஆனால் அந்த அமெரிக்க மீனிடம் கற்க ஒன்று உண்டு. இலினோய் மாநிலத்தில் ரிட்ஜ் ஏரி என்ற ஆய்வுக் குளத்தில், பிடித்த ஒவ்வொரு பாஸுக்கும் அடையாளமிட்டுத் திரும்ப விட்டார்கள். சில வருடங்கள் கழித்துத் தண்ணீரை வற்றவைத்தபோது, ஒருமுறைகூடச் சிக்காத மீன்கள் சுமார் 200 கிடந்தன. எளிதில் சிக்குவதும் சிக்காததுமான இந்தக் குணம் குஞ்சுகளுக்கும் கடத்தப்படுவதாகப் பிறகு கண்டறிந்தார்கள். உங்கள் குளத்திலும் ஏமாறக்கூடியவை எப்போதோ ஏமாந்திருக்கும், மிச்சமிருப்பவை உசாரானவை.

அதனால் செலவைச் சின்னதாக்குங்கள். பளபளக்கும் பெரிய லூருக்கு (செயற்கை இரைக்கு) பதில் விரலளவு மென்றப்பர் மீன், மங்கிய நிறத்தில். எறிந்ததும் இழுக்காமல் தரைக்கு இறங்க விட்டு, பொறுமை போகுமளவு மெதுவாக றீலைச் சுற்றுங்கள். முடிந்தால் ஞாயிறை விட்டுவிட்டு வேலைநாள் விடியலில் போங்கள். இதற்குக் காசே இல்லை.

இரைக்கு முன்னால் கட்டும் முன்தங்கூசி ஃபுளூரோகார்பன் என்ற பிளாஸ்டிக் வகையாக இருக்கட்டும். தண்ணீருக்குள் அவ்வளவாகத் தெரியாது. 20 இறாத்தல் தாங்கும் வலிமைக்குக் குறையாதீர்கள், கொடுவாவின் செவுள் மூடி கத்தி மாதிரி. இங்கேதான் ஏமாற்று அதிகம்: 'ஃபுளூரோகார்பன் பூசியது' என்று பொடி எழுத்தில் இருந்தால் உள்ளே வெறும் நைலோன். ஒரு துண்டைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி விட்டுப் பாருங்கள். அசலானது சட்டென்று இறங்கும், நைலோன் தயங்கித் தயங்கித்தான் இறங்கும்.

அப்புறம், பில் கேட்டு வாங்குங்கள். கேட்டால் தரவேண்டியது கடைக்காரரின் சட்டக் கடமை. முழு ஃபுளூரோகார்பன் என்று சொல்லிப் பூச்சுத் தங்கூசியைத் தந்திருந்தால், வாங்கி மூன்று மாதத்துக்குள் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடலாம். விவரம் கேட்கத் தொலைபேசி எண் 1977.