டோப்பாவை விடுங்கள், கையைப் பாருங்கள்
வாசகர் கேள்வி – பதில்: இசைமேதைகள் படப்புதிர்

நண்பர்கள் ஆளுக்கொரு ஊரில் இருந்துகொண்டு, இணையத்தில் கூடி, படத்தைப் பார்த்து இசையமைப்பாளரைக் கண்டுபிடிக்கும் விளையாட்டைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: ஆறு பேர் சேர்ந்து மேற்கத்தியச் செவ்வியல் இசையமைப்பாளர்களின் ஓவியங்களை வைத்து விளையாடுகிறோம். எல்லாரும் வெள்ளை டோப்பாவுடன் ஒரே மாதிரி இருக்கிறார்கள். எப்படிப் பிரித்துப் பார்ப்பது?
– வாசகர், மதுரை

முகத்தில் தொடங்கினால் குழப்பம்தான் மிஞ்சும். தலையைப் பார்த்துக் காலத்தைக் கணியுங்கள். அதன் பிறகு கையைப் பார்த்து ஆளைக் கண்டுபிடியுங்கள்.

கழுத்தை மூடிப் புரளும் கனத்த சுருள் டோப்பா என்றால் பாக், ஹேண்டல் தலைமுறை. இருவரும் 1685-இல் பிறந்தவர்கள். காதருகே ஓரிரு சுருள் மட்டும் வைத்துப் பின்னால் வாலாகக் கட்டியிருந்தால் ஹைடன், மோட்சார்ட் பக்கம் போங்கள். டோப்பாவே இல்லாமல் சொந்த முடி கலைந்து கிடந்தால் பீத்தோவன் காலத்துக்கு வந்துவிட்டீர்கள். படம் போட்டோவாக இருந்தால் வேலை இன்னும் சுலபம். போட்டோ எடுக்கும் முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839-இல். 1827-இல் இறந்த பீத்தோவனுக்கும் 1828-இல் இறந்த ஷூபர்ட்டுக்கும் போட்டோ இருக்க வழியே இல்லை. சோபினுக்கு உண்டு. அவர் இறந்த 1849-ஐ ஒட்டி எடுத்த படம் அது.

இனி கை. 1746-இல் ஹவுஸ்மன் வரைந்த பாக் ஓவியத்தில், அவர் வலது கையில் ஒரு சிறு தாளை நம் பக்கம் திருப்பிப் பிடித்திருப்பார். அந்தத் தாளே ஒரு புதிர். அதில் இருப்பது மூன்று வரி இசை. ஆனால் ஆறு குரலுக்கான கேனன், அதாவது ஒரு குரலின் மெட்டை இன்னொரு குரல் பின்தொடர்ந்து வரும் இசைவடிவம், என்று தலைப்பு சொல்கிறது. மீதி மூன்று குரல்களைப் பார்ப்பவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொரு வரியையும் எடுத்து, சுரம் ஏறும் இடத்தில் இறக்கி, இறங்கும் இடத்தில் ஏற்றி, ஒரு பார் (தாளக் கட்டம்) தள்ளித் தொடங்கினால் ஆறும் பொருந்திவிடும். படப்புதிர் ஆடுகிறவர்கள் கட்டாயம் பெரிதாக்கிப் பார்க்க வேண்டிய ஓவியம் இது. 1748-இல் அதே ஓவியர் வரைந்த இன்னொரு பிரதியும் இருக்கிறது. இரண்டும் இன்று லைப்சிக் நகரில்தான் உள்ளன.

1820-இல் ஸ்டீலர் வரைந்த பீத்தோவன் ஒரு கையில் பென்சிலும் மறு கையில் 'மிஸ்ஸா சொலெம்னிஸ்' என்ற தன் தேவாலய இசைப் படைப்பின் கைப்பிரதியுமாக இருப்பார். கழுத்தில் சிவப்புத் துணி. சிவப்பைக் கண்டதும் மோட்சார்ட் என்று சொல்லிவிடுபவர்கள் நிறைய. மோட்சார்ட்டுக்குச் சிவப்பு கோட்டு, பீத்தோவனுக்குச் சிவப்புக் கழுத்துத்துணி. இதை நினைவில் வைத்தால் போதும். அந்தப் புகழ்பெற்ற சிவப்பு கோட்டு ஓவியத்தை பார்பரா கிராஃப்ட் வரைந்தது 1819-இல், மோட்சார்ட் இறந்து 28 ஆண்டு கழித்து. ஆகவே ஓவியத்தின் தேதியை மட்டும் வைத்து ஆளின் காலத்தைக் கணிக்காதீர்கள்.

சிறிய வட்டக் கண்ணாடி ஷூபர்ட்டின் அடையாளம். தாடி மட்டும் ஏமாற்றும். பிராம்ஸ் என்றால் மார்பு வரை தொங்கும் வெள்ளைத் தாடி எல்லாருக்கும் மனதில் வரும், ஆனால் அவர் தாடி வளர்த்தது 1878-இல், நாற்பத்தைந்து வயதில். அதற்கு முந்தைய மழமழ முகத்தைக் காட்டினால் தேர்ந்தவர்களும் தடுமாறுவார்கள். கலைந்த தலை, சிவந்த மூக்கு, வீட்டில் போடும் அங்கி என்றால் யோசிக்கவே வேண்டாம். அது ரஷ்ய ஓவியர் ரெப்பின் 1881-இல், முசோர்க்ஸ்கி இறப்பதற்குச் சில நாள் முன்பு வரைந்தது.

கேள்வி: முகமே இல்லாமல், பொருள்களின் படங்களை அடுக்கிப் புதிர் போட முடியுமா? போட்டால் நாலு பேர் நாலு விடை சொல்கிறார்கள்.
– வாசகி, கோயம்புத்தூர்

தாராளமாக முடியும். இதில்தான் சுவையே அதிகம். நாலு விடை வருகிறது என்றால் கோளாறு புதிரில் இருக்கிறது. ஒரே படத்தை நம்பிப் புதிர் போடக்கூடாது. ஒன்றையொன்று சாராத குறைந்தது இரண்டு படங்கள் ஒரே ஆளிடம் போய்ச் சேர வேண்டும்.

எடுத்துக்காட்டாக, வசந்தம், கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம் என நான்கு படங்களைப் போடுகிறீர்கள். விவால்டி என்று நினைத்துத்தான் போடுகிறீர்கள். ஆனால் ஹைடனுக்கு 'பருவங்கள்' என்றே ஒரு பெரிய படைப்பு உண்டு, 1801-இல் அரங்கேறியது. சைக்கோவ்ஸ்கியும் அதே பெயரில் பியானோவுக்கு எழுதியிருக்கிறார், மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு. மூன்று பேர் சொன்னதும் சரி! கூடவே ஒரு வயலினையும் செந்நிற முடியுள்ள பாதிரியார் படத்தையும் வைத்தால் விவால்டி மட்டும்தான் மிஞ்சுவார்.

ஹைடனுக்குப் புதிர் போடுவது ஆனந்தம். அவருடைய சிம்பொனிகளுக்கு ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர்களே படங்களாகிவிடும். கரடி என்றால் 82, கோழி என்றால் 83, கடிகாரம் என்றால் 101, முரசு என்றால் 103. கோழியைத் தனியாகக் காட்டினால் 'விலங்குகளின் திருவிழா' எழுதிய சான்-சான்ஸ் என்று வாதாட இடமுண்டு, அதிலும் கோழி வருகிறது. கோழி பக்கத்தில் கடிகாரத்தை வைத்தால் வாதம் முடிந்தது. கடினமாக்க வேண்டுமா? மெழுகுவத்திகளை ஒவ்வொன்றாக அணைத்துவிட்டு வாத்தியக்காரர்கள் எழுந்து போகும் படத்தைப் போடுங்கள். அது 45-ஆம் சிம்பொனியான 'பிரியாவிடை', 1772. வீட்டுக்குப் போக விடுப்பு கிடைக்காத கலைஞர்களுக்காக, எஸ்தர்ஹாசி இளவரசருக்கு ஹைடன் இசையாலேயே சொன்ன விண்ணப்பம் அது.

அன்னம், பாதாம் உடைக்கும் பொம்மை, பீரங்கி ஆகிய மூன்றும் சேர்ந்தால் சைக்கோவ்ஸ்கி. அன்னம் மட்டும் என்றால் மறுபடி சான்-சான்ஸ் குறுக்கே வருவார். இப்படி யார் யார் குறுக்கே வரக்கூடும் என்று அனுப்புவதற்கு முன்பே எழுதிப் பார்த்துவிடுவது நல்ல பழக்கம்.

கேள்வி: படம் போட்ட அடுத்த நொடியே ஒருவர் கூகுள் லென்ஸில் தேடி விடை சொல்லிவிடுகிறார். தடுக்க வழி உண்டா?
– வாசகர், திருச்சி

முழு ஓவியத்தைப் போட்டால் தடுக்க முடியாது. தேடுபொறிக்கு உதவாத அளவுக்குச் சிறு துண்டாக வெட்டுங்கள். பாக்கின் தாள், பீத்தோவனின் பென்சில், ஷூபர்ட்டின் கண்ணாடிச் சில்லு இவற்றில் ஏதாவது ஒன்று போதும். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் ரூபிலியாக் 1738-இல் செதுக்கிய ஹேண்டல் சிலை இருக்கிறது. கால்மேல் கால் போட்டு யாழ் மீட்டுகிறவரின் ஒரு காலில் செருப்பு கழன்று கிடக்கும். அந்தக் காலை மட்டும் வெட்டிப் போட்டால் அருமையான புதிர்.

வெட்டுவதில் ஒரு சிக்கல் வரும். 800 பிக்சல் அகலமுள்ள படத்தில் பத்தில் ஒரு பங்கை வெட்டினால் கையில் இருப்பது 80 பிக்சல். பெரிதாக்கினால் வெறும் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். விக்கிமீடியா காமன்ஸிலோ அருங்காட்சியகத் தளத்திலோ 3,000 பிக்சலுக்குக் குறையாத படத்தை எடுத்துக்கொண்டு வெட்டுங்கள். படத்தைக் கண்ணாடிபோல இடவலமாகத் திருப்புவதைத் தவிருங்கள். லென்ஸ் அதிலும் கண்டுபிடித்துவிடும். தாளில் உள்ள எழுத்து தலைகீழானதால் நேர்மையாக ஆடுகிறவர்தான் தவிப்பார்.

அனுப்பும்போது இன்னொன்றைக் கவனியுங்கள். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் படம் சுருங்கி, நுண்ணிய கோடுகள் அழிந்துவிடும். டாக்குமெண்ட்டாக அனுப்பினால் சுருங்காது, ஆனால் ஃபைல் பெயர் எல்லார் கண்ணிலும் படும். பெயரிலேயே 'பீத்தோவன்' என்று இருந்தால் புதிர் அங்கேயே முடிந்தது. '01', '02' என்று பெயர் மாற்றிவிட்டு அனுப்புங்கள்.

முதலில் பதில் போட்டவரைப் பார்த்து மற்றவர்கள் எழுதுவதையும் தடுக்க வேண்டும். குழுவில் படம் மட்டும் வரட்டும், விடை நடத்துபவருக்குத் தனிச்செய்தியாகப் போகட்டும். கூகுள் ஃபார்ம் பயன்படுத்தினால் யார் முந்தினார் என்பதை விடைத்தாளின் நேரப் பத்தியே காட்டிவிடும். மதிப்பெண்ணை மட்டும் அதனிடம் விடாதீர்கள். அது எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும். 'சோபின்', 'சோப்பின்', 'ஷோபான்' மூன்றும் ஒரே ஆள் என்று அதற்குத் தெரியாது.

கேள்வி: சிலுவை போல இரண்டு இசைக்கோடுகள் வெட்டிக்கொள்ள, நடுவில் ஒரே ஒரு சுரம். நாலு பக்கமும் நாலு குறி. விடை 'பாக்' என்கிறார்கள். எப்படி?
– வாசகி, கும்பகோணம்

ஜெர்மன் வழக்கில் சுரங்களின் எழுத்துகள் சற்று வேறு. அங்கே 'பி' என்றால் ஆங்கில வழக்கின் பி-ஃபிளாட். சாதாரண 'பி'யை அவர்கள் 'எச்' என்பார்கள். ஆகவே பாக் என்ற பெயரின் நான்கு எழுத்தும், அதாவது பி, ஏ, சி, எச், நான்கு சுரங்களாகிவிடுகின்றன. நடுவில் உள்ள அந்த ஒரே புள்ளியைத் தாளைச் சுற்றிச் சுற்றி ஒவ்வொரு பக்கக் குறியோடும் (கோட்டில் உள்ள புள்ளி எந்தச் சுரம் என்று சொல்லும் குறி அது) படித்தால் இந்த நான்கும் வரிசையாக வரும்.

சங்கீதம் தெரிந்தவர்கள் பாடியே பார்க்கலாம். 'சி'யை ஸட்ஜமாக வைத்துக்கொள்ளுங்கள். கைசிகி நிஷாதம், சதுச்ருதி தைவதம், மேல் ஸட்ஜம், காகலி நிஷாதம். நெருக்கமான, சற்றே கலக்கமூட்டும் நான்கு சுரங்கள். இதே வழியில் ஷோஸ்டகோவிச் தன் பெயரை டி, எஸ், சி, எச் என்று பதித்தார். ஜெர்மன் வழக்கில் 'எஸ்' என்பது ஈ-ஃபிளாட். அவர் 1960-இல் எழுதிய எட்டாவது நால்வர் இசை (நான்கு தந்தி வாத்தியங்களுக்கானது) தொடங்குவதே இந்தச் சுரங்களில்தான். சதுச்ருதி ரிஷபம், சாதாரண காந்தாரம், ஸட்ஜம், கீழ்க் காகலி நிஷாதம் என்று பாடிப் பாருங்கள். இத்தகைய புதிரைக் குழுவில் போடும்போது 'ஜெர்மன் எழுத்து' என்ற ஒரு குறிப்பைக் கொடுத்துவிடுவதே நியாயம்.

கேள்வி: பழைய ரூபாய் நோட்டுப் படங்களை வைத்துப் புதிர் போடலாமா?
– வாசகர், புதுச்சேரி

நல்ல யோசனை. ஜெர்மனியின் 100 மார்க்கில் கிளாரா ஷூமன், பிரான்ஸின் 20 ஃபிராங்கில் டெபுஸி, இங்கிலாந்தின் 20 பவுண்டில் எல்கர் ஆகியோர் இடம்பெற்றிருக்கிறார்கள். பெயர் அச்சாகியிருக்கும், அதை மறைத்துவிடுங்கள். கிளாராவுக்கு நோட்டின் பின்பக்கப் பியானோவை மட்டும் காட்டுவது இன்னும் சிறப்பு.

கேள்வி: நேரம், மதிப்பெண் இரண்டிலும் ஒவ்வொரு முறையும் சண்டை வருகிறது. நண்பர்கள் லண்டனிலும் டொராண்டோவிலும் இருக்கிறார்கள்.
– வாசகர், சென்னை

ஒரு அமர்வுக்கு எட்டுப் புதிர் போதும், புதிருக்கு ஐந்து நிமிடம். ஒவ்வொன்றுக்கும் மூன்று துண்டுகளை எடுத்து வையுங்கள். கடினமான முதல் துண்டில் சொன்னால் 5 மதிப்பெண், இரண்டாவதில் 3, முக்கால் முகம் தெரியும் மூன்றாவதில் 1. தவறான விடைக்கு 1 கழியுங்கள். இல்லாவிட்டால் சிலர் வரிசையாகப் பெயர்களை அடுக்கிக்கொண்டே போவார்கள். 'ஸ்ட்ராஸ்' என்று மட்டும் சொன்னால் ஏற்காதீர்கள். அப்பா யோஹான், மகன் யோஹான், உறவே இல்லாத ரிச்சர்ட் என்று மூவர் இருக்கிறார்கள். 'பாக்' குடும்பத்துக்கும் இதே விதி. இந்த விதிகளை ஆட்டம் தொடங்கும் முன்பே குழுவில் எழுதிப் போட்டுவிடுங்கள்.

இந்திய நேரம் இரவு 8.30 மூவருக்கும் வசதி. குளிர்காலத்தில் லண்டனில் அப்போது பிற்பகல் 3, டொராண்டோவில் காலை 10. கோடையில் இரண்டுமே ஒரு மணி நேரம் தள்ளும். கனடா மார்ச் இரண்டாவது ஞாயிறன்றே கடிகாரத்தை மாற்றிவிடும், பிரிட்டன் மார்ச் கடைசி ஞாயிறில்தான் மாற்றும். இடைப்பட்ட வாரங்களில் யாராவது ஒருவர் ஒரு மணி நேரம் தவறி வருவது வழக்கம். முதல் நாளே நினைவூட்டிவிடுங்கள்.

கேள்வி: நம் சங்கீத மும்மூர்த்திகளையும் இதே முறையில் புதிராக்கலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

ஆக்கலாம், ஆனால் ஓவியத்தின் நுணுக்கத்தை நம்ப முடியாது. சியாமா சாஸ்திரி இறந்தது பீத்தோவன் இறந்த அதே 1827-இல். தீட்சிதர் 1835-இலும் தியாகராஜர் 1847-இலும் மறைந்தார்கள். போட்டோ கிடையாது. இன்று வீடுகளில் நாம் பார்க்கும் மூவர் படங்களில் பெரும் புகழ் பெற்றவை எஸ். ராஜம் பின்னாளில் கற்பனையில் தீட்டியவை. ஆகவே கிருதிகளின் வழியாகப் போவதுதான் சரி.

தீட்சிதருக்குக் காஞ்சி, திருவானைக்காவல், திருவண்ணாமலை, காளஹஸ்தி, சிதம்பரம் கோபுரங்களை அடுக்கினால் பஞ்சலிங்கக் கிருதிகள் வந்துவிடும். இன்னொரு வழி, பிரிட்டிஷ் கிரீடத்தின் பக்கத்தில் ஒரு வீணையை வைப்பது. அந்நாட்டு அரசரை வாழ்த்தும் பாட்டின் மெட்டில் அவர் அமைத்த 'சந்ததம் பாஹிமாம்' நோட்டுஸ்வரத்துக்கு அது துப்பு. தியாகராஜருக்குத் திருவையாற்றின் காவிரிக்கரையோடு ஐந்து ரத்தினக் கற்கள். சியாமா சாஸ்திரிக்குத் தஞ்சை பங்காரு காமாட்சி கோயில். திருவாரூர்த் தேரை மட்டும் தனியாகக் காட்டிவிடாதீர்கள். மூவரும் அங்கே பிறந்தவர்கள்தான், யார் எந்தப் பெயரைச் சொன்னாலும் நீங்கள் மதிப்பெண் கொடுத்தாக வேண்டும்.