படமா, நாவலா: வீட்டுச் சண்டைக்கு ஒரு தீர்ப்பு

கேள்வி: 'சில நேரங்களில் சில மனிதர்கள்' படத்தை நாலைந்து முறை பார்த்தவன் நான், நாவலைப் படித்ததில்லை. என் மனைவி இருபது வயதிலேயே நாவலைப் படித்தவர். கதாநாயகியைப் பற்றி, "படத்தில் பாதி கங்காதான் இருக்கிறாள்" என்கிறார். ஜெயகாந்தனே திரைக்கதை எழுதிய படத்தில் எப்படிக் குறையும் என்பது என் கட்சி. கல்லூரியில் படிக்கும் மகள் எதில் தொடங்கலாம் என்று கேட்க, அதற்கும் ஒரு சண்டை. நீங்களே சொல்லுங்கள். (பெயர் வேண்டாம்)

பதில்: படிக்காமலே இத்தனை நாள் வாதாடியிருக்கிறீர்களே, அந்தத் தைரியத்துக்கு முதலில் ஒரு வணக்கம்.

எழுதியவரே திரைக்கதை எழுதினாலும் குறைவது குறையத்தான் செய்யும். நாவலில் பெரும்பாலும் பேசுகிறவள் கங்கா. படிக்க வைத்து ஆளாக்கிய வெங்கு மாமாவிடம் அவளுக்கு இருக்கும் கடனையும், அதே மாமா பக்கத்தில் வந்தால் உடம்பு கூசுவதையும், தன்னைத் தானே கேலி செய்துகொள்வதையும் ஒரே மூச்சில் அவள் சொல்லிக்கொண்டு போகும்போது நமக்கே மூச்சு முட்டும். கேமராவால் அந்த மூச்சுக்குள் போக முடியாது, வெளியே நின்று முகத்தைத்தான் பார்க்க முடியும். லட்சுமியின் முகம் அதில் எவ்வளவோ சொல்கிறது (சிறந்த நடிகைக்கான தேசிய விருது சும்மா கிடைக்கவில்லை), ஆனாலும் நாம் பார்ப்பது கங்காவை. நாவலில் கங்காவின் கண்ணால் மற்றவர்களைப் பார்க்கிறோம். உங்கள் மனைவி சொல்லும் அந்தப் பாதி இதுதான் என்று நினைக்கிறேன்.

அதற்காகப் படத்தைத் தள்ளிவிட முடியாது. 'பாசமலர்', 'பாவமன்னிப்பு' என்று கண்ணீரைக் குடம் குடமாகக் கொட்ட வைத்த பீம்சிங், 1977-ல் வந்த இந்தப் படத்தில் எவ்வளவு அடக்கி வாசிக்கிறார்! எழுத்தாளர் ஆர்.கே.வி.யாக நாகேஷை நடிக்க வைத்ததை மட்டுமே வைத்து ஒரு பக்கம் எழுதலாம். பாட்டு எழுதியதும் ஜெயகாந்தன்தான், எம்.எஸ்.வி. தன் குரலிலேயே 'கண்டதைச் சொல்லுகிறேன்' பாடும்போது, நாவலில் ஆசிரியர் நம்மிடம் பேசுவது போலவே இருக்கும்.

ஆனால் நீங்கள் இருவருமே ஒன்றை விட்டுவிட்டீர்கள். இந்தக் கதை முதன்முதலில் உருமாறியது சினிமாவில் இல்லை. 1966-ல் ஆனந்த விகடனில் 'அக்கினிப் பிரவேசம்' என்ற சிறுகதை வந்தது. மழையில் காரில் ஏறிக் கெட்டுப்போய் வரும் பெண்ணின் தலையில் அம்மா தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று சொல்லி விஷயத்தை அங்கேயே முடித்துவிடுவாள். அதெப்படி அப்படிச் சொல்லலாம் என்று வாசகர்கள் கொதித்துப் போனார்கள். சரி, அந்த அம்மா அப்படிச் செய்யாமல் ஊரைக் கூட்டிக் கத்தியிருந்தால் அந்தப் பெண் என்ன ஆவாள் என்று ஜெயகாந்தனே திருப்பிக் கேட்டு எழுதியதுதான் நாவல். குறும்பு என்னவென்றால், அந்தச் சிறுகதையையே நாவலுக்குள் ஆர்.கே.வி. எழுதிய கதையாக வைத்து, கங்காவையும் அவள் அம்மாவையும் படிக்க விட்டிருக்கிறார். தனக்குக் கிடைக்காத ஒரு அம்மாவைப் பற்றி ஒரு மகள் பத்திரிகையில் படிக்கிறாள், பெற்ற அம்மா பக்கத்திலேயே இருக்கிறாள். அந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

ஆக, ஜெயகாந்தன் இந்தக் கதைக்கு மூன்று தடவை உட்கார்ந்திருக்கிறார். நாவலுக்கு 1972-ல் சாகித்ய அகாடமி விருது கிடைத்த பிறகும், சினிமாவுக்காக மறுபடி பேனாவை எடுத்திருக்கிறார். தன் கதையை அவர் கல்வெட்டாக நினைத்ததாகத் தெரியவில்லை, நாம்தான் காவல் காக்கிறோம்.

மகளுக்கு முதலில் சிறுகதையைக் கொடுங்கள், அரை மணி நேரத்தில் முடித்துவிடுவாள். அம்மா செய்தது சரியா என்று கேளுங்கள், உங்கள் பதிலைச் சொல்லாதீர்கள். அப்புறம் நாவல். படம் கடைசியில்தான், இல்லாவிட்டால் அந்தக் கார்க்காரன் பிரபு என்றாலே, படத்தில் நடித்த ஸ்ரீகாந்த் முகம் வந்து உட்கார்ந்துகொள்ளும், அதற்கப்புறம் அவளாக ஒரு பிரபுவைக் கற்பனை செய்ய இடமிருக்காது. உங்களுக்கு அந்த வாய்ப்பு போய்விட்டது, பரவாயில்லை, அப்படியே படியுங்கள். மனைவியிடம் பழைய பிரதி கண்டிப்பாக இருக்கும். முடிவைச் சொல்லிவிட வேண்டாம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இத்தனை நாள் வாதாடியதற்கு அவர் சொன்னாலும் சொல்லிவிடுவார்.