எபிடியூரல் போட்டுக்கொள்ளலாமா? ராத்திரி இரண்டு மணிக்கு யார் இருப்பார்கள் என்று கேட்டீர்களா?

கேள்வி: எனக்கு 29 வயது. முதல் குழந்தை, இப்போது 33 வாரம். பிரசவத்துக்கு ஊருக்குப் போகாமல் மும்பையிலேயே பார்த்துக்கொள்வதாக முடிவு செய்திருக்கிறோம். அம்மா திருநெல்வேலியிலிருந்து வந்துவிட்டார். முன்பு இரண்டு முறை கலைந்ததால் தினமும் வயிற்றில் ஒரு ஊசி போட்டுக்கொள்கிறேன், மற்றபடி பிரச்சினை எதுவும் இல்லை. 'வலியில்லா பிரசவம்' பேக்கேஜுக்கு இந்த வாரத்துக்குள் 18,000 ரூபாய் கட்டினால் தள்ளுபடி உண்டு என்று ஆஸ்பத்திரியில் ஒரு பெண் தினமும் போன் செய்கிறார். முதுகில் ஊசி போட்டால் ஆயுசுக்கும் முதுகுவலி, கடைசியில் சிசேரியனில்தான் போய் முடியும் என்கிறார் மாமியார். கட்டலாமா, வேண்டாமா? (வாசகி, செம்பூர்)

பதில்: இந்த வாரம் கட்டாதீர்கள். எபிடியூரல், அதாவது பிரசவ வலி குறைய முதுகு வழியாக மருந்து கொடுப்பது, போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டால் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம் என்பேன், மயக்க மருந்து டாக்டராக நான் தினமும் செய்யும் வேலையே அதுதான். ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்குத் திக்கென்றது மாமியார் சொன்னதாலோ பேக்கேஜாலோ அல்ல. 'மற்றபடி பிரச்சினை எதுவும் இல்லை' என்று நீங்கள் போகிற போக்கில் தாண்டிவிட்ட அந்த வயிற்று ஊசி. அதற்கு வருகிறேன். முதலில் மாமியார்.

எபிடியூரலுக்கு இடுப்பு உயரத்தில், முதுகெலும்பின் இரண்டு கணுக்களுக்கு நடுவே ஊசி போகும். தண்டுவடம் அதற்கு மேலேயே முடிந்துவிடுகிறது. ஊசி வழியாக நூல் மாதிரி ஒரு பிளாஸ்டிக் குழாயை உள்ளே விட்டுவிட்டு ஊசியை எடுத்துவிடுவோம். முதுகில் இருக்கப்போவது அந்தக் குழாய் மட்டும்தான். அதன் வழியாக மரத்துப்போகச் செய்யும் மருந்து சொட்டுச் சொட்டாகப் போகும். பதினைந்து இருபது நிமிஷத்தில் வலி இறங்கும். நினைவு தப்பாது, குழந்தை அழுவது காதில் விழும்.

ஆயுசுக்கும் முதுகுவலி என்பது கதை. போட்டுக்கொண்டவர்களையும் போடாதவர்களையும் பல மாதங்கள் கழித்து ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில் முதுகுவலியில் வித்தியாசம் தெரியவில்லை. குத்திய இடம் இரண்டு மூன்று நாள் கன்றிப்போனது போல் வலிக்கும், அவ்வளவுதான். எனக்கே முதல் குழந்தை எபிடியூரல் இல்லாமல் பிறந்தது, இரண்டாவது எபிடியூரலோடு. இரண்டு தடவையும் ஆறு மாதம் முதுகு வலித்தது. குனிந்து உட்கார்ந்து பால் கொடுத்ததற்கும், தொட்டிலிலிருந்து ஒரு நாளைக்கு நாற்பது தடவை தூக்கியதற்கும் வேறு என்ன நடக்கும்?

சிசேரியன் விஷயத்திலும் அப்படித்தான். எபிடியூரலால் சிசேரியன் கூடுவதில்லை. ஆனால் மாமியார் சும்மா சொல்லவில்லை, அவர் காலத்தில் பார்த்ததைச் சொல்கிறார். அன்றைக்குக் கொடுத்த மருந்தின் அடர்த்தி 0.25 சதவீதம், சில சமயம் அதற்கும் மேல். கால் இரண்டும் மரக்கட்டையாகிவிடும், முக்கத் தெரியாது, ஆயுதம் போட்டு எடுப்பார்கள். இப்போது 0.1 சதவீதத்தை ஒட்டித்தான் கொடுக்கிறோம். கடைசிக் கட்டம் கொஞ்சம் நீளலாம். கருப்பை வாய் நாலு சென்டிமீட்டர் திறக்கும் வரை எபிடியூரல் கூடாது என்ற பழைய விதியும் போய்விட்டது. வலி உறுதியாகத் தொடங்கி, நீங்களும் கேட்டுவிட்டால் போதும்.

வரக்கூடிய தொந்தரவுகளையும் சொல்லிவிடுகிறேன். ரத்த அழுத்தம் இறங்கலாம், அதற்குத்தான் டிரிப் போட்டுப் பக்கத்திலேயே இருந்து பார்ப்பது. நடுக்கம் வரும், உடம்பு அரிக்கும், சிறுநீருக்குக் குழாய் வைக்க வேண்டியிருக்கும். நூறு பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு, உட்கார்ந்தால் தலை பிளந்து படுத்தால் சரியாகிற ஒரு தலைவலி வரும். அதற்கு வைத்தியம் இருக்கிறது, பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடாதீர்கள். பத்தில் ஒருவருக்கு மருந்து ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும், அல்லது சரியாகவே பிடிக்காது. குழாயைச் சரிசெய்வோம், சில சமயம் மறுபடி போடுவோம். 'வலியில்லா' என்று விற்பவர்கள் இதை வாயே திறந்து சொல்ல மாட்டார்கள்.

இனி அந்த ஊசி.

இரண்டு முறை கலைந்தவர்களுக்கு வயிற்றில் தினமும் போடச் சொல்வது பெரும்பாலும் ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் எனாக்ஸாபரின் வகை ஊசி. மருந்தோடு அடைத்தே வரும் சின்னச் சிரிஞ்சு. அட்டையில் 40 என்றோ 60 என்றோ போட்டிருக்கும், போய் எடுத்துப் பாருங்கள். எபிடியூரல் குழாய் போகும் இடத்தில் மெல்லிய ரத்தக்குழாய்கள் நிறைய உண்டு. ஊசி அவற்றில் ஒன்றைத் தொட்டுவிட்டால் சாதாரணமாக ஒரு துளி கசிந்து நின்றுவிடும். இந்த மருந்து உடம்பில் இருக்கும்போது நிற்காமல் கசியலாம். அங்கே தேங்கும் ரத்தத்துக்கு வெளியே போக வழியில்லை, நரம்பை அழுத்தும், கால் செயலிழக்கும். மிக மிக அரிது. ஆனால் நேரத்தைக் கவனித்தால் பெரும்பாலும் தவிர்த்துவிடக்கூடியது.

அதனால் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். தினம் ஒரு 40 என்றால், கடைசி ஊசிக்குப் பிறகு குறைந்தது 12 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். எடைக்கு ஏற்ப அதிக அளவிலோ, காலையும் மாலையுமாகவோ போடுகிறார்கள் என்றால் 24 மணி நேரம். உங்கள் அளவு எந்தக் கணக்கில் சேரும் என்று நீங்களே முடிவு செய்யாமல் டாக்டரிடம் கேளுங்கள். சிசேரியனுக்கு முதுகில் ஒரே தடவை போடும் ஊசிக்கும் இதே கணக்குதான். நேரம் ஆகாத நிலையில் அவசரமாகச் சிசேரியன் செய்ய வேண்டி வந்தால் முழு மயக்கம் கொடுத்துத்தான் செய்ய வேண்டும். சில டாக்டர்கள் 36 வாரம் வாக்கில் சீக்கிரம் உடம்பை விட்டுப் போகிற சாதா ஹெபரினுக்கு மாற்றுவார்கள், சிலர் நாள் குறித்து வலி வரவழைத்து முதல் நாளே ஊசியை நிறுத்தச் சொல்வார்கள். இதில் எது உங்களுக்கு என்று இப்போதே கேளுங்கள். பயந்துபோய் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், எதற்காகக் கொடுத்தார்களோ அந்த ஆபத்து அப்படியேதான் இருக்கிறது. ஆனால் இடுப்பு வலிக்கிற மாதிரி இருந்தாலோ பனிக்குடம் உடைந்தாலோ அடுத்த ஊசியைப் போடும் முன் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யுங்கள். 'இன்னும் பிரசவ வலிதானா என்று தெரியவில்லை, எதற்கும் ஊசியைப் போட்டுவிடுவோம்' என்று ராத்திரி ஒன்பது மணிக்குப் போட்டுக்கொண்டு பதினோரு மணிக்கு வந்து, வலி பொறுக்காமல் என் கையைப் பிடித்துக் கேட்டவர்கள் உண்டு. மறுநாள் காலை ஒன்பது வரை என்னால் எபிடியூரல் போட முடியாது என்று சொல்வதைப் போலக் கொடுமையான வேலை எனக்கு வேறில்லை.

கூடவே ஆஸ்பிரின் சின்ன மாத்திரை சாப்பிட்டால் அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

சரி, இப்போது அந்த 18,000 ரூபாய்.

போன் செய்யும் அந்தப் பெண் நர்ஸும் இல்லை, டாக்டரும் இல்லை. பல இடங்களில் இவர்களுக்குப் பேக்கேஜ் ஒன்றுக்கு இவ்வளவு என்று கணக்கு. 33 வாரம், 34 வாரம் என்று அவர்கள் சொல்லும் கெடு மருத்துவத்தில் கிடையாது, மாதக் கடைசியின் டார்கெட்டில் இருக்கிறது. எபிடியூரலை முன்பதிவு செய்ய வேண்டிய அவசியமே இல்லை. வலி வந்த பிறகுகூட வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொல்லலாம். அடுத்த வாரம் தொப்புள்கொடி ரத்தம் சேமிக்கச் சொல்லி இன்னொரு ஃபைலோடு இன்னொருவர் வருவார். அதற்கு இங்கே இடமில்லை, கையெழுத்து மட்டும் போட்டுவிடாதீர்கள்.

நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ராத்திரி இரண்டு மணிக்கு மயக்க மருந்து டாக்டர் இந்தக் கட்டடத்துக்குள் இருப்பாரா, வீட்டிலிருந்து வர வேண்டுமா?

மும்பையில் சின்ன நர்சிங் ஹோம்கள் பெரும்பாலானவற்றில் எங்களைப் போன்றவர்கள் அழைத்தால் வருகிறவர்கள்தான். பத்து வருஷம் நானும் அப்படி ஓடியவள். முலுண்டிலிருந்து மாட்டுங்கா வரை ஏழெட்டு இடங்கள், ஸ்கூட்டர் டிக்கியில் எப்போதும் ஒரு எபிடியூரல் கிட். ஒரு ஜூலை மாதம் ராத்திரி ஒன்றரை மணிக்கு மாட்டுங்காவிலிருந்து போன் வந்தது. கிங்ஸ் சர்க்கிளில் முழங்கால் தண்ணீர். ஸ்கூட்டரை சயானில் நிறுத்திவிட்டுக் கிட்டைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தேன். உள்ளே போனபோது மணி மூன்று பத்து. குழந்தை பிறந்து இருபது நிமிஷம் ஆகியிருந்தது. அந்தப் பெண் என் நனைந்த சேலையையும் பிரிக்காத கிட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நீங்கதான் அந்த வலியில்லாம பண்ற டாக்டரா?" என்று கேட்டார். நான்கு நாள் கழித்து அவர் கணவர் போன் செய்தார். பில்லில் 'பெயின்லெஸ் டெலிவரி' என்று தனியாக ஒரு தொகை, அது உங்களுக்கு வந்ததா என்றார். எனக்கு எதுவும் வரவில்லை. அவர் மனைவிக்குக் கிடைத்தது இடுப்பில் ஒரு டிராமடால் ஊசி, அந்தப் பெயரில்தான் பணம் வாங்கியிருக்கிறார்கள்.

இது இன்னும் நடக்கிறது. 'வலிக்கு ஊசி போட்டாச்சு' என்று சொன்னால் எந்த ஊசி என்று கேளுங்கள். டிராமடாலோ பெத்திடினோ வலியைக் கொஞ்சம் மழுக்கும், வாந்தி வரும், தூக்கம் அழுத்தும். குழந்தை பிறக்கும் நேரத்துக்கு நெருக்கமாகப் பெத்திடின் கொடுத்தால் குழந்தையும் சோர்ந்து பிறக்கலாம். கருப்பை வாய் திறக்க ஒரு ஊசி போடுவார்கள், அது வலிக்கான மருந்தே அல்ல. டிரிப்பில் ஆக்ஸிடோசின் ஓடுகிறது என்றால் வலியைக் கூட்டத்தான் ஓடுகிறது. இவை எல்லாவற்றுக்கும் வார்டில் 'ஊசி' என்று ஒரே பெயர்.

பேக்கேஜில் மயக்க மருந்து டாக்டரின் கட்டணம் சேர்ந்ததா, ராத்திரிக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் தனியா என்று கேளுங்கள். வீட்டிலிருந்துதான் வருவார் என்றால் எத்தனை நிமிஷம், அவர் வேறு ஆபரேஷனில் இருந்தால் அடுத்து யார் என்று கேளுங்கள். 36 வாரத்துக்குள் அவரை ஒரு தடவை நேரில் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். உங்கள் ஊசி விஷயத்தில் அந்தச் சந்திப்பு இல்லாமல் முடியாது. "அதெல்லாம் அன்னைக்குப் பார்த்துக்கலாம் மேடம்" என்று பதில் வந்தால் அங்கே ஆள் இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒப்புதல் படிவத்தையும் இப்போதே வாங்கி வீட்டில் உட்கார்ந்து படியுங்கள். மூன்று நிமிஷத்துக்கு ஒரு வலி வருகிறவர் முன்னால் நான்கு பக்க ஆங்கிலத் தாளை நீட்டி 'சைன் இங்கே' என்பதற்குப் பெயர் ஒப்புதலாம். இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், தாள் இரண்டு பக்கத்திலிருந்து நான்கு பக்கம் ஆனதுதான் மிச்சம். மகாராஷ்டிரத்தில் 2021-இல் திருத்திய நர்சிங் ஹோம் விதிகளின்படி கட்டண விவரத்தையும் நோயாளியின் உரிமைகளையும் எல்லோரும் பார்க்கும் இடத்தில் வைக்க வேண்டும். நான் பார்த்த ஒரு இடத்தில் தண்ணீர் ஃபில்டருக்குப் பின்னால் வைத்திருந்தார்கள்.

மாநகராட்சி ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்கு இந்தப் பேக்கேஜ் தொல்லை இல்லை. பெரிய மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் டாக்டர்கள் ராத்திரியும் உள்ளேயே இருப்பார்கள். ஆனால் அவசரச் சிசேரியன்கள் வரிசையில் நிற்கும்போது வலிக்கு எபிடியூரல் போட யாருக்குக் கை ஓயும்? அங்கே கேட்டு வாங்க வேண்டியது துணைக்கு ஒரு ஆள். 2017-இல் தொடங்கிய மத்திய அரசின் லக்ஷ்யா திட்டம் பிரசவ அறையில் துணை இருப்பதை வலியுறுத்துகிறது. கூடவே ஆள் இருந்தால் வலியைத் தாங்குவது எளிதாகிறது, பெண்ணுக்கு மருந்தும் குறைவாகத்தான் தேவைப்படுகிறது. உங்கள் ஆஸ்பத்திரியிலும் அம்மாவை உள்ளே விடுவார்களா என்று கேட்டுவையுங்கள். எபிடியூரலுக்கு 12 மணி நேரம் காத்திருக்க நேர்ந்தால் அதுவரை உங்களுக்கு அவர்தான். நைட்ரஸ் ஆக்ஸைடும் ஆக்ஸிஜனும் பாதிப் பாதி கலந்த வாயு இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். முகமூடியை நீங்களே பிடித்துக்கொண்டு மூச்சை இழுக்கலாம், உங்கள் ஊசிக்கும் அதற்கும் பகை இல்லை.

இன்று ராத்திரியிலிருந்து ஊசி போட்ட நேரத்தைக் காலண்டரில் எழுதுங்கள். 35 வாரம் ஆனதும் அந்தக் குறிப்பையும் ஊசி அட்டையையும் ஃபைலின் முதல் பக்கத்தில் சேர்த்துக் குத்திவையுங்கள், ராத்திரி இரண்டு மணிக்கு வருகிறவருக்கு நீங்கள் வாய் திறந்து சொல்லும் நிலையில் இருக்க மாட்டீர்கள். பேக்கேஜ் பெண் மறுபடி போன் செய்தால், மயக்க மருந்து டாக்டர் வராவிட்டாலோ, மருத்துவக் காரணத்தால் எபிடியூரல் போட முடியாவிட்டாலோ 18,000 ரூபாயும் திருப்பித் தரப்படும் என்று லெட்டர்ஹெட்டில் எழுதி சீல் வைத்துத் தரச் சொல்லுங்கள். தந்தால் கட்டுங்கள்.